படத்திலும் தையல் பார்க்கிறவள்

பஸ்ஸில் முன் சீட்டு அம்மாளின் பிடரியில் சட்டை லேபிள் வெளியே எட்டிப் பார்த்தால் கம்லா அதை உள்ளே தள்ளிவிடுவாள். கேட்டுவிட்டுச் செய்கிற வழக்கமில்லை. அன்று லௌடோகா நகரத்துக்குப் போகிற பஸ்ஸிலும் தள்ளினாள். வாட்டசாட்டமான அந்தப் பிஜியப் பெண்மணி திரும்பிப் பார்த்து, "வினாக்கா" என்று நன்றி சொல்லிச் சிரித்தாள்.

"ஒரு நாளைக்கி நல்லா வாங்கப்போற பாரு," என்றார் பக்கத்தில் இருந்த கணவர் சுரேந்திரா.

"வாங்கினா வாங்கிக்கிறேன். அதப் பாத்துக்கிட்டு சும்மா குந்தியிருக்க என்னால ஆவாது."

தன் ஊரான சபேட்டோவில் இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். பெண் பிள்ளைகளுக்குக் கவுன், பையன்களுக்குக் கால்சட்டை, பிஜியக் கிராமத்துப் பையன்களுக்குப் பை வைத்த சுலு வேட்டி. யாரிடமும் போய்க் கற்றவளல்ல. பழைய ரவிக்கைகளைப் பிரித்துப்போட்டு, மறுபடி தைத்து, மறுபடி பிரித்துக் கற்றாள். குண்டூசிகளை உதட்டோரம் கவ்விக்கொண்டே பேசுவாள். ஒரு சொல் சிதறாது. அளவு நாடாவைத் தொடுவதற்கு முன்பே இடுப்பளவைச் சொல்லிவிடுவாள். நாடா அவளை மறுத்ததை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

அன்றைய பயணம் லௌடோகா நூலகத்துக்கு. குழந்தைகளுக்கான புத்தகங்களுக்கு வரைந்த படங்களைச் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைத்திருந்தார்கள். மகள் ரோஷிகாவின் படமும் அதில் ஒன்று. ஆனால் பஸ்ஸில் வந்த நால்வர் மனதிலும் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது கம்லாவின் அண்ணன் சிட்னிக்குக் கிளம்பினார். போன வருஷம் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கி புகுந்து இந்திய வம்சாவளிப் பிரதமரைப் பிடித்துவைத்ததும் சுரேந்திராவும் நியூசிலாந்துக்கு விண்ணப்பம் போட்டார். மகளோடு சேர்த்து மூன்று பேருக்கும் விசா வந்துவிட்டது. வருகிற பத்தொன்பதாம் தேதி விமானம். ஆக்லாந்துக் குளிருக்கென்று மகளுக்கு உள்துணி வைத்த கோட்டைக்கூடக் கம்லா தைத்து முடித்துவிட்டாள்.

ரோஷிகா வரமாட்டேன் என்கிறாள். வயது பத்தொன்பது. பாடப்புத்தகம் போடுகிற ஓர் ஆபீஸ் இன்னும் இரண்டு புத்தகத்துக்குப் படம் கேட்டிருக்கிறது. சபேட்டோவிலேயே, இப்போது கூட வந்திருக்கிற அத்தை சரோஜுடன் இருந்துகொள்வாளாம். "இப்ப போகலன்னா இவ விசா செத்துப்போச்சு. நாளைக்கி ஒண்ணு ஆனா யாரு வந்து நிப்பா?" என்பது சுரேந்திராவின் கேள்வி. கம்லா இதுவரை எந்தப் பக்கமும் பேசவில்லை. "மொதல்ல படத்தப் பாக்கறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

நூலகத்தில் அவள் வரிசையாகப் போனாள். முதல் படத்தில் ஒரு பையன் தென்னை ஏறினான். "சுலு கட்டிக்கிட்டு இம்மாம் கால அகட்டினா ஊருக்கே தெரியுமே!" அடுத்ததில் ஒரு ராணி. கம்லா அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "பட்டன் இல்ல, கொக்கி இல்ல. இந்த அம்மா இதுக்குள்ள எப்படிப் பூந்தா?"

"அண்ணி, அது கதை," என்றாள் சரோஜ்.

"கதையா இருந்தா தல நுழைய வாணாமா?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ரோஷிகா சிரிக்கவில்லை. அடுத்தது அவளுடைய படம்.

மழை விட்ட காலை. பஸ் நிறுத்தத்தில் ஆறு பிள்ளைகள். ஒரு சின்னப் பெண் பஸ்ஸை நிறுத்தக் கையை உயர்த்தியிருக்கிறாள். கம்லா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கை உயர்ந்த பக்கம் கவுனின் விளிம்பும் ஏறியிருந்தது. தோளில் துணி சரியான இடத்தில் சுருங்கியிருந்தது. பிறகு கீழே பார்த்தாள். முழங்காலுக்குச் சற்று மேலே பழைய மடிப்பின் தடம் ஒரு கோடாகத் தெரிந்தது. அதற்கு மேலே வெயிலில் வெளுத்த நீலம். கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெளுக்காத நீலம். பிள்ளை வளர்ந்ததும் மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்ட கவுன்.

கம்லா அங்கேயே நின்றாள். "நல்லாதான் இருக்கு. அங்க போயும் வரையலாமே," என்றார் சுரேந்திரா. அவள் திரும்பவில்லை.

"போலோ, மா," என்று சொல்லச் சொன்னாள் ரோஷிகா. தமிழ் அவளுக்குப் புரியும்; பேச வருவது ஹிந்திதான்.

"இந்தக் கோடு, யாரு சொல்லிக் குடுத்தா?"

"கோயி நஹி. ரோஜ் தேக்தா," என்றாள் மகள். யாருமில்லை, தினமும் பார்க்கிறேன் என்று அர்த்தம்.

"எங்க பாக்கற?"

ரோஷிகா ஜன்னலுக்கு வெளியே, தெருவைக் காட்டினாள். பள்ளி விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

கம்லா அந்தப் பிள்ளைகள் கடந்துபோகிற வரை பார்த்தாள்.

வாசலில் நூலகப் பெண் ஒரு நோட்டை நீட்டினாள். கண்காட்சி முப்பதாம் தேதி முடிகிறது. படத்தை வந்து வாங்கிக்கொள்பவர் பெயரும் விலாசமும் வேண்டும்.

"எங்களுக்குப் பத்தொன்பதுக்கே பிளைட்," என்றார் சுரேந்திரா. "இன்னைக்கே குடுத்துடுங்க."

"முப்பதுக்கு முன்னால முடியாது, சார்."

ரோஷிகா நோட்டை நோக்கிக் கை நீட்டினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க, பேனா குடுங்க," என்றாள் கம்லா.

"கம்லா, யோசிச்சுக்க."

"யோசிச்சாச்சு. குடுங்க."

சட்டைப்பையிலிருந்து பேனாவை அவர் மெதுவாக எடுத்தார். கம்லா குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக, மகளின் பெயரை எழுதினாள். அதன் கீழே சபேட்டோ என்று எழுதினாள். பேனாவை மூடி, கணவரின் பையில் திரும்பச் செருகி, அந்தப் பையின் மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தாள்.