அம்மாவுக்காகக் காய்ச்சிய பால்

நீங்கள் பொய் சொன்னீர்கள். மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், பொங்கல் விழா மேடையில், ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்.

"நான் இந்தக் கட்டடத்தை வாங்கேக்கை அந்த றோட்டு செத்துப்போய்க் கிடந்தது. நான்தான் அதுக்கு உயிர் குடுத்தனான்."

சனம் கைதட்டியது. நான் கடதாசித் தட்டில் பொங்கலை வைத்துக்கொண்டு உங்களுக்கு நேரே இருந்தேன். கைதட்டவில்லை. நீங்கள் என்னைக் கண்டீர்கள். கண்டதும் பிளாஸ்டிக் வாழைமரம் கட்டியிருந்த பக்கம் பார்வையைத் திருப்பிவிட்டீர்கள்.

அன்றைக்கு எல்லோரும் உங்களை அண்ணை என்றார்கள். எனக்கு நீங்கள் தம்பி. என் வீட்டு முன்னறையில், ஹீற்றருக்குப் பக்கத்தில், ஒரு குளிர்காலம் முழுக்கப் படுத்து எழும்பிய தம்பி. அதனால் அந்த றோட்டைப் பற்றியும் அந்தக் கட்டடத்தைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பிழை என்றால் நீங்கள் மறுக்கலாம்.

செத்துப்போன றோட்டில் விடியமுன் சனம் நடக்காது. நாங்கள் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக்கு வந்த நாளிலிருந்து அந்த றோட்டில் விடியமுன் சனம் நடந்தது. பெண்கள் தையல் ஆலைகளுக்குப் போனோம். ஆண்கள் டோர்வல் விமானநிலையத்துக்குப் பெட்டி தூக்கவும் விமானத்துக்குச் சாப்பாடு கட்டவும் போனார்கள். என் புருசனும் அதில் ஒருவர். பனி முழங்கால் வரை கிடந்தாலும் மெத்ரோ வாசலில் இடிபட்டுத்தான் உள்ளே இறங்கவேண்டும். மூலையில் இருந்த டெப்பனர் கடைக்காரன் எங்களுக்காகத்தான் கடையை அந்த நேரத்துக்குத் திறந்தான். பாலும் பாணும் ஊர்ப் பக்கம் பேசுகிற தொலைபேசி அட்டையும் விற்றான். இதை நீங்கள் செத்த றோட்டு என்கிறீர்கள். நீங்கள் அந்த நேரத்தில் நித்திரை கொண்டிருக்கவில்லை. எங்களோடு சேர்ந்து அதே பனிக்குள் நடந்தீர்கள்.

ஏன் அங்கே இருந்தோம்? வாடகை மலிவு. வேறு காரணம் சொல்லி நான் அலங்கரிக்கப் போவதில்லை.

ரொறன்ரோக்காரருக்கு இது விளங்காது. கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் அவர்களுக்கு ஒரே கேள்விதான். இன்னும் மொன்றியலிலேயோ இருக்கிறியள்? கனடாவில் இருக்கலாம் என்ற பேப்பர் கிடைத்த அடுத்த கிழமையே பெட்டியைக் கட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்குப் போகாதவர்களுக்கு ஏதோ குறை இருக்கிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள். என் சித்தியின் மகள் அப்படித்தான் போனாள். நிலக்கீழ் அறையொன்றில் இருந்துகொண்டு அவளும் புருசனும் ஆளுக்கு இரண்டு வேலை செய்தார்கள். ஒருவர் வேலையால் வர மற்றவர் வெளிக்கிடுவார். எனக்கு இங்கே இரண்டு படுக்கையறை, வெளிச்சமான குசினி, முன்னுக்கும் பின்னுக்கும் பல்கனி. எனக்கு ஒரு வேலை, என் மனுசனுக்கு ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வீட்டில் நிற்போம். ஆட்டிறைச்சி வாங்கி, ஆறுதலாகக் காய்ச்சி, சாப்பிட்டுவிட்டுப் படுப்போம். வாடகை மலிவாக இருந்தபடியால்தான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு நான் எங்கேயும் போகத் தயாராக இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

நாங்கள் கீழ்வீட்டில் இருக்கிற இந்தக் கட்டடம் அப்போது ஒரு வயதான கிரேக்கருடையது. மூன்று மாடி, செங்கல், வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படி. அந்த மனுசன் எதையும் லேசில் திருத்த மாட்டான், ஆனால் வாடகையையும் கூட்ட மாட்டான். பெயின்ற் வாங்கித் தருவான், அடிக்கிறது எங்கள் பாடு. மேல்வீட்டு அக்காவும் நானும்தான் உள்படிக்கட்டுச் சுவர் முழுக்க அடித்தோம். அவர் மட்டக்களப்பு. இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியாக இருந்தார். என்னோடு ஒரே ஆலையில் காற்சட்டைக்குச் சிப் தைத்தவர்.

ஜூலை முதலாம் திகதி இந்த நகரத்தில் பாதிச் சனம் வீடு மாறும். கொண்டுபோக முடியாததையெல்லாம் றோட்டோரம் வைத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு அக்காவும் நானும் பக்கத்து வில்லரே பகுதி வரை நடந்து, நல்ல மேசை, கதிரை, தொட்டில் என்று பார்த்துப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வருவோம். எங்களுக்கு இல்லை. அடுத்து வந்து இறங்கப்போகிற குடும்பத்துக்கு. கட்டடத்தின் நிலவறையில் அடுக்கி வைத்திருப்போம். வெறும் கையோடு வந்த எத்தனையோ பேர் முதல் நாளே கதிரையில் இருந்து சாப்பிட்டார்கள். தம்பி, நீங்கள் மொன்றியலில் முதன்முதல் சோறு சாப்பிட்ட மேசை அப்படி வந்ததுதான். ஒரு கால் ஆடும். அக்காதான் மடித்த கடதாசியை அதற்குக் கீழே வைத்தார்.

பிறகு ஆலைகள் மூடத் தொடங்கின. தையல் வேலை சீனாவுக்குப் போய்விட்டது என்றார்கள். எங்கள் ஆலையும் மூடியது. கொஞ்சக் காலம் அந்தக் கட்டடம் கண்ணாடி உடைந்து கிடந்தது. பேந்து படம் வரைகிறவர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கொம்பியூட்டர் விளையாட்டுச் செய்கிறவர்கள் வந்தார்கள். கீழே கோப்பிக் கடை வந்தது. நகரம் புத்துயிர் பெறுகிறது என்று பத்திரிகையில் போட்டிருந்ததாக யாரோ வாசித்துச் சொன்னார்கள். நான் இப்போது அதே கட்டடத்தில், அதே மாடியில், பின்னேரங்களில் துப்புரவு வேலை செய்கிறேன். பலகைத் தரையை அவர்கள் மாற்றவில்லை. பழசாக இருப்பது வடிவு என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பலகை இடுக்குகளில் இன்னும் உடைந்த தையல் ஊசி கிடக்கிறது. தூசி உறிஞ்சும் குழாய்க்குள் அது போகும்போது ஒரு சத்தம் வரும். வேறு யாருக்கும் அது என்ன சத்தம் என்று தெரியாது.

நகரம் நல்லாக வருவதில் எனக்குக் கோபம் இல்லை. யார் அதை நல்லாக வைத்திருந்தது என்பதை நீங்கள் மாற்றிச் சொல்வதில்தான் கோபம்.

கிரேக்கர் கட்டடத்தை விற்கப்போகிறார் என்றதும் பயந்தோம். வாங்கியது நீங்கள் என்றதும் சந்தோஷப்பட்டோம். எங்கடை ஆள் என்று வடை சுட்டுக் கொண்டுவந்து தந்தோம். நீங்கள் கூரையைத் திருத்தினீர்கள், தண்ணீர்க் குழாய்களை மாற்றினீர்கள். அதையும் சொல்கிறேன். இல்லாததை எழுத எனக்குத் தேவை இல்லை.

ஒரு வருடம் கழித்து நீங்கள் அக்காவிடம் போனீர்கள். ஊரில் சண்டை நின்றிருந்த காலம் அது. ஊரிலிருந்து வெளியே வரப் பாதை திறந்திருந்தது. அம்மாவைக் கூப்பிடப் போகிறேன், மேல்வீட்டில் வைத்திருக்கப் போகிறேன், அங்கேதான் சூடு நன்றாக ஏறும் என்று சொன்னீர்கள். இந்த ஊர்ச் சட்டப்படி பெற்ற தாயைக் குடிவைப்பதற்கு வீட்டைத் திருப்பிக் கேட்கலாமாம். வேறு காரணத்துக்குக் கேட்டால் இருக்கிறவர்கள் மறுக்கலாம். உங்களுக்கு அது தெரிந்திருந்தது. அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

நான் அக்காவிடம், உடனே ஓமென்று சொல்லாதீர்கள், யாரையாவது விசாரிப்போம் என்றேன்.

"பெத்த தாய் வாறா எண்டு சொல்லித்தானே கேக்காரு. மறுகா நான் என்னத்தச் சொல்ற புள்ள?" என்றார் அக்கா.

எங்கள் ஆட்கள் மட்டும் விடுகிற பிழை இது. வெள்ளைக்காரன் வந்து தன் தாய்க்கு வீடு வேணும் என்றால் நாங்கள் நான்கு பேரிடம் விசாரிப்போம். தமிழன் வந்து தன் தாய் என்றால் வாயை மூடிவிடுவோம். தாயை வைத்துப் பொய் சொல்வான் என்று நினைப்பதே எங்களுக்குப் பாவம்.

அக்கா போன நாளை நீங்கள் மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். சாமான் எல்லாம் வானில் ஏற்றியாகிவிட்டது. வீட்டைக் கழுவி, அடுப்பை மினுக்கி வைத்திருந்தார். குடிபுகுகிறவர்கள்தான் பால் காய்ச்சுவது வழக்கம். குடிபோகிறவர் காய்ச்சியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். புதுச் சட்டி வாங்கி, அதில் பாலை ஊற்றி, பொங்கி வழிய விட்டார். வயசுபோன மனிசி தெரியாத ஊருக்கு வருகிறா, அவ வர முதலே வீடு நல்லபடியாக இருக்கட்டும் என்றார். கதவுத் திறப்பை வாங்க நீங்கள் வந்தீர்கள். அந்தப் பாலில் ஒரு கிளாஸ் உங்களுக்குத் தந்தார்.

நீங்கள் அதைக் குடித்தீர்கள்.

அக்கா இப்போது இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய இடத்தில் ஒரு நிலக்கீழ் வீட்டில் இருக்கிறார். மொன்றியலில் இருந்துகொண்டே ரொறன்ரோச் சீவியம். மேல்வீட்டில் ஆட்கள் வந்து சுவரை இடித்தார்கள், குசினியைக் கழற்றிக் கொட்டினார்கள். கோடை முடிய முதல் ஒரு பொடியனும் பெட்டையும் குடிவந்தார்கள். நல்ல பிள்ளைகள், படியில் கண்டால் பொன்ஜூர் சொல்வார்கள். அவர்களிலும் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கொடுக்கிற வாடகை எங்கள் வாடகை மாதிரி இரண்டு மடங்குக்கு மேல் என்று அந்தப் பெட்டையே எனக்குச் சொன்னாள்.

உங்கள் அம்மாவின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஞாயிறு தோறும் என் வீட்டிலிருந்துதான் அவவோடு கதைத்தீர்கள். கடைசியில் என்னிடமும் தரச் சொல்லி, என் பிள்ளை சாப்பிடுகிறானோ என்று கேட்பா. தொலைபேசி அட்டை வாங்கி அவவுக்கு எடுத்தேன். எப்ப அம்மா இங்கை வாறியள் என்று கேட்டேன்.

"எங்கை பிள்ளை? கனடாவுக்கோ? ஆர் சொன்னது? அந்தக் குளிருக்கை நான் வந்து என்ன செய்யிறது. அவன் ஒருநாளும் அப்பிடிக் கேக்கேல்லையே" என்றா. அதே மூச்சில், "ஏன், என்னைக் கூப்பிடப்போறன் எண்டு சொன்னவனோ?" என்று கேட்டா. அந்தக் குரலில் ஒரு ஆசை இருந்தது. வரமாட்டேன் என்று சொல்லி வாய் மூட முதலே அந்த ஆசை வந்துவிட்டது. நான் சும்மா கேட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்று வரை அவவுக்குச் சொல்லவில்லை.

போன மார்கழியில் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். கையில் கேக் பெட்டி. சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதே முன்னறையில் இருந்தீர்கள்.

"அக்கா, அம்மா வாறா. கீழ்வீடு எண்டால் படி ஏறத் தேவையில்லை."

"போன முறை மேல்வீட்டுக்கெல்லோ வந்தவ. அப்ப படி ஏறினவ, இப்ப ஏலாதோ?"

"பகிடி விடாதேங்கோ. அப்ப விசா இழுபட்டுப் போச்சு."

"விசா இழுபட்டால் வீடு சும்மா இருக்கவேணும். மேலை ராவு பகலாக் கிட்டார் கேக்குது. உங்கடை அம்மாவோ அடிக்கிறா?"

என் மனுசன் குசினிக்குள் நின்று சிரித்ததை நீங்கள் கேட்டிருப்பீர்கள். உங்கள் முகம் மாறியது. தமிழாட்கள் என்றபடியால்தான் வீடு தேடி வந்து மரியாதையாகக் கேட்கிறேன், வேறு ஆள் என்றால் நேரே நோட்டீஸ்தான் என்றீர்கள். நோட்டீசை அனுப்புங்கள் என்றேன். அந்தக் கேக்கையும் கொண்டுபோகச் சொன்னேன்.

நோட்டீஸ் வந்தது. இந்த முறை நான் விசாரித்து வைத்திருந்தேன். மாட்டேன் என்று பதில் போட்டேன். வழக்கென்றால் வாடகைத் தகராறுகளைப் பார்க்கும் அரசாங்க அலுவலகத்தில் நேரே பேசுவேன் என்றும் எழுதினேன். அதற்குப் பிறகு எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் கொஞ்சமில்லை. எல்லாம் ஒரே கதை. தமிழாளைத் தமிழாள் கொண்டுபோய் வெள்ளைக்காரனுக்கு முன்னால் நிறுத்துவதோ? வீட்டுச் சண்டையைச் சந்திக்குக் கொண்டுவருவதோ? ஒருவர்கூட அக்காவைப் பற்றிக் கேட்கவில்லை. நான் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். நான் நிறுத்தவில்லை, அவர் தானாகவே போய் மேடையில் நிற்கிறார்.

நான் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன். ஜூலை முதலாம் திகதி வந்தாலும் போகமாட்டேன். சுவரில் இருக்கிறது நான் அடித்த பெயின்ற். றோட்டுக்கு உயிர் வந்த கதையைச் சொல்கிறதென்றால் அது இந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கிய பெண்களின் கதை. அதற்குள் உங்களுக்கும் ஒரு இடம் இருந்தது. ஹீற்றருக்குப் பக்கத்தில்.

உங்கள் பெயரை நான் எழுதவில்லை. அது அந்தத் தாயின் மரியாதைக்காக. உங்கள் மரியாதைக்காக இல்லை. சித்திரை வருடப்பிறப்பு விழாவிலும் நீங்கள்தான் பேசப்போகிறீர்கள் என்று தமிழ்க் கடை வாசலில் ஒட்டியிருக்கிறது. நல்லது. நானும் வருவேன். அக்காவையும் இரண்டு பஸ் மாறிக் கூட்டிக்கொண்டு வருவேன். கடைசி வரிசையில் இருக்கமாட்டோம்.

அங்கே வைத்து, அதே ஒலிவாங்கியில், அதே சனத்துக்குச் சொல்லுங்கள் தம்பி. அக்கா பால் காய்ச்சிக் கொடுத்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்? உங்கள் அம்மா எப்போது வருகிறா?