சுண்ணாம்புக் கோடு

இன்று மட்டாஞ்சேரி பஸ்ஸில் ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். உட்கார்ந்த பிறகுதான் முகம் பிடிபட்டது. எண்பதுகளில் என் மண்டையைப் பிளந்த மேஸ்திரி!

நான் அப்போது கட்டட அனுமதிக்காக இடம் அளக்கும் ஓவர்சியர். காயலோரச் சேற்றில் நின்ற கண்டல் காட்டை வெட்டி மாடிக் கட்டடம் கட்ட மனு வந்திருந்தது. கரையை அளக்க எப்போதும் தண்ணீர் வற்றிய நேரத்தில்தான் கூப்பிடுவார்கள். தண்ணீரிலிருந்து குறிப்பிட்ட தூரம் விட்டுத்தான் கட்டலாம்; வற்றிய நேரத்தில் அந்தத் தூரம் அதிகமாகக் காட்டும். நான் கடல் ஏற்றம் வந்து தண்ணீர் உயர்ந்த நேரத்தில் போய், தண்ணீர் தொட்ட இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டேன்.

"அழிடா அத" என்றார் கட்டட வேலையை எடுத்திருந்த இந்த மேஸ்திரி.

மாட்டேன் என்றேன். மண்வெட்டிப் பிடியால் நெற்றியில் அடித்தார். சேற்றில் விழுந்தவன் முதுகில் ஏறி மிதித்தார். வாயெல்லாம் ரத்தமும் சேறும்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து மறுபடி அளந்து அனுமதி வாங்கிவிட்டார்கள்.

"சாரே, என்னய மனசிலாயா, அடையாளம் தெரியுதா?" என்று பஸ்ஸில் அவரே கேட்டார்.

நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டினேன். அவர் தலை குனிந்தார்.

"அந்த பில்டிங்லதான் கீழ்வீட்டுல இருக்கேன் சாரே. நீங்க கோடு போட்ட எடத்துலதான் என் கட்டில் கெடக்கு. ஏற்றம் வந்தா கட்டில் வரைக்கும் வெள்ளம். ஆபீசுக்குப் புகாரா ஒரு பராதி எழுதித் தரணும்."

பஸ்ஸிலேயே எழுதிக் கொடுத்தேன். வெள்ளத்தை அளக்க அதிகாரிகளை எத்தனை மணிக்கு வரச் சொல்லலாம்? நீங்களே சொல்லுங்கள்.