பன்னிரண்டு செட்

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் மதுமதியைத்தான் கூப்பிடுவார்கள். எம்.சி.ஏ. முடித்த கெட்டிக்காரி. வாயும் சும்மா இல்லை, எட்டு ஊருக்குக் கேட்கும்.

இரண்டாயிரத்து ஒன்றில் அவளுக்கு ஒரே கவலை. மத்திய அரசு கிளார்க்கான அப்பா நல்லசிவத்துக்கு நாலு மாதத்தில் ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்குள் அவளுக்குப் புரோகிராமர் வேலை கிடைக்காவிட்டால், குடும்பமே தில்லியை விட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நேரு பிளேஸ் கம்பெனி ஒன்று இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. உடனே அப்பா அவள் சர்டிபிகேட்டுகளைப் பன்னிரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்தார். மாடி வீட்டு சேஷன் கெஜட்டட் ஆபீசர். பாவம் மனுஷன், ஒவ்வொரு தாளிலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

"சாஃப்ட்வேர் கம்பெனிலே இதெல்லாம் எவன்ப்பா கேக்கான்? ஒரிஜினலத் தாங்க, காட்டிட்டு வந்துருதேன்."

"ஏட்டி, பிரம்மாவே வந்து கேட்டாலும் ஒரிஜினல் வாசப்படி தாண்டப்படாது!" என்று பீரோவைப் பூட்டினார் அப்பா. முணுமுணுத்துக்கொண்டே ஒரு செட்டை ஃபைலில் சொருகிக்கொண்டு பஸ் ஏறினாள்.

காலை ஒன்பதுக்குப் போனவளை மூன்று மணிக்கு உள்ளே விட்டார்கள். கொடுத்த புரோகிராமைப் பத்தே நிமிஷத்தில் எழுதி நீட்டினாள். மேனேஜர் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஃபைலை வாங்கிப் புரட்டிவிட்டு, "பஹுத் அச்சா" என்றான். பிறகுதான் விஷயம் வந்தது. வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் கோர்ஸ் விற்க வேண்டும், இரண்டு வருஷம்.

மூன்று வருஷம் கண் எரியப் படித்தது இதற்கா? அவளுக்கு அழுகை முட்டியது. வேண்டாம் என்று எழுந்தாள்.

அவன் ஃபைலை டிராயருக்குள் தள்ளிப் பூட்டினான். "ஒரிஜினல் வேண்டுமென்றால் திங்கட்கிழமை வேலைக்கு வா" என்றான் இந்தியில், சாவியை ஆட்டிக்கொண்டு. பச்சை மையும் முத்திரையும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரிஜினல் மாதிரியே ஜோராகத்தான் இருந்தன.

மதுமதிக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் பையா, வீட்டில் இன்னும் பதினொன்று இருக்கிறது" என்று அவளும் இந்தியிலேயே சொல்லிவிட்டு வந்தாள்.

ஏழாவது செட்டில் நல்ல கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. சேரும் நாளில் ஒரிஜினலைக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள். ஆனால் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் அவள் பக்கத்திலேயே அப்பாவும் உட்கார்ந்து வந்தார்.