கையெழுத்துப் போடாமல் போன ஞாயிற்றுக்கிழமை

திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது நடந்தது இது. எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். வளாகத்துக்குள்ளேயே இருந்த பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். வெளியே போகிறவர்கள் வாசலில் இருக்கும் பதிவேட்டில் பெயர், போகுமிடம், நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதினால் வார்டன் எங்கள் வீட்டுக்குப் போன் செய்து கேட்பார். சினிமாவுக்கு என்றால் அப்பா வேண்டாம் என்றுதான் சொல்வார்.

அந்த ஞாயிறு மதியம் தண்ணீர் லாரி வந்தது. வாசலில் காவலுக்கு இருந்த அக்கா பெரிய கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், சேச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். களியக்காவிளைக்காரர் என்பதால் என்னிடம் தமிழில் பேசுவார். லாரியின் மறுபக்கமாக நழுவி வெளியே வந்துவிட்டேன். அறைத்தோழி ஊருக்குப் போயிருந்தாள். கழக்கூட்டம் என்ற இடத்துச் சினிமா தியேட்டரில் எனக்காகக் காத்திருந்த இரண்டு வகுப்புத் தோழிகளைத் தவிர யாருக்கும் நான் போனது தெரியாது.

இடைவேளையில் போனை எடுத்துப் பார்த்தால் முப்பதுக்கு மேல் தவறிய அழைப்புகள். எல்லாம் விடுதியிலிருந்து. திருப்பிக் கூப்பிட்டேன்.

"நீ எவிடெயா?" எங்கே இருக்கிறாய் என்று மலையாளத்தில் கேட்டார் வார்டன்.

சொன்னேன். உடனே போனை வைத்துவிட்டார்.

ஆட்டோ பிடித்து வந்தபோது வாசலில் தீயணைப்பு வண்டி நின்றது. என் அறை இருந்த மூன்றாம் மாடியில், துணி தேய்க்கும் அறையில் யாரோ அயர்ன் பாக்ஸை அணைக்காமல் போயிருக்கிறார்கள். தீ பெரிதாகப் பரவவில்லை, ஆனால் நடைவழி முழுக்கப் புகை. எல்லோரையும் பேட்மின்டன் மைதானத்தில் நிறுத்தி, பதிவேட்டை வைத்துக்கொண்டு எண்ணியிருக்கிறார்கள். ஒரு ஆள் குறைந்தது. அது நான்.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் சேச்சி ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு மாடியேறிவிட்டார். எங்கள் கதவில் இருந்தது கதவோடு பொருத்திய உள்பூட்டு, உள்ளேயிருந்து கையால் திருகித் திறக்கலாம். ஆள் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. தட்டிப் பார்த்துவிட்டுக் கதவை ஒட்டியிருந்த ஜன்னல் கண்ணாடியை உடைத்திருக்கிறார். துவைத்த துணிகளைக் கட்டிலில் குவித்து, மேலே போர்வையைப் போட்டுவிட்டு நான் கிளம்பியிருந்தேன். புகையில் பார்த்தவருக்கு யாரோ படுத்திருப்பதுபோல் இருந்திருக்கிறது. உடைந்த கண்ணாடி வழியே கையை விட்டுக் கதவைத் திறந்ததில் முழங்கைக்குக் கீழே ஆழமாகக் கிழிந்துவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் கட்டுடன் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"மக்ளே, நீ தலையோட மூடிக் கெடக்குறன்னு நெனச்சேன் கேட்டியா. போர்வைய இழுத்தா துணி. அப்பந்தான் எனக்கு சமாதானமாச்சு" என்றார். பேச்சு நடுவே இருமல் வந்துகொண்டே இருந்தது.

எனக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. கையெழுத்தில்லாமல் ஒரு மாணவி எப்படி வெளியே போனாள் என்று அவரை வேலைக்கு அனுப்பிய நிறுவனம் விளக்கம் கேட்டது. வேலை போய்விடும் என்று விடுதியில் பேச்சு அடிபட்டது. அன்றே அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். லாரிக்குப் பின்னால் ஒளிந்து போனது நான்தான், சேச்சி மேல் தவறில்லை என்று கடிதம் எழுதி, வார்டனிடமும் நிறுவனத்து மேலாளரிடமும் நேரில் கொடுத்தேன். எனக்கு ஒரு மாதம் வெளியே போகத் தடை. சேச்சிக்கு வேலை தப்பியது. கை ஆறியதும் பழையபடி வாசலுக்கு வந்து உட்கார்ந்தார்.

அந்த அறையில் நான் இல்லை என்பதை விடுதியில் ஒரே ஒருவரிடமாவது சொல்லியிருந்தால், அவர் அந்தப் படிகளில் ஏறியிருக்கவே வேண்டாம்.