எம்பக்கம் சரி

மூடியைத் திருகிக் கழற்றியதும் முதல் வேலையாக உள்ளே ஊதுவார். தூசி இருக்கிறதோ இல்லையோ, இரண்டு ஊது. பிறகு நெற்றியில் கிடக்கும் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்தால் அதை முடுக்கியவனுக்கு அன்றைக்கு நல்ல அர்ச்சனை. வராவிட்டாலும் ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்று முடுக்கி வைப்பார். அடுத்தவன் முடுக்கியதை அப்படியே விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வராது.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக வெளுத்துத் தேய்த்து அனுப்பும் பெரிய சலவை ஆலை அது. அங்கே நீராவிக் குழாய்களின் மேல் ஆங்காங்கே உட்கார்ந்திருக்கும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர்கள் எல்லாம் இவர் பொறுப்பு. குழாய்க்குள் அழுத்தம் எவ்வளவு என்று கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்வதுதான் அவற்றின் வேலை. இரண்டே ஒயர்தான். இருபத்துநாலு வோல்ட் போவதும் அதில்தான், பதில் வருவதும் அதில்தான். அழுத்தமே இல்லையென்றால் நாலு மில்லி ஆம்பியர், முழு அழுத்தத்துக்கு இருபது. வோல்ட்டை அளந்து பார்க்காமல் மற்ற எதையும் தொடமாட்டார்.

“வயித்துக்குப் பத்தலைன்னா பெரிய அழுத்தத்தைச் சொல்ல அதுக்குத் தெம்பு இருக்காது. பாதியிலயே நின்னுடும். நாம என்னடான்னா பொய் சொல்லுதுன்னு அது மேல பழி போடுவோம்” என்பார், பெற்ற பிள்ளைக்குப் பரிந்து பேசுவதுபோல.

அதே ஒயரில் டிஜிட்டல் பேச்சும் உண்டு. கையடக்கக் கருவி ஒன்றை மாட்டி, டிரான்ஸ்மிட்டரிடம் பெயர் கேட்கலாம், அளவை மாற்றலாம், சோதனைக்காக இத்தனை மில்லி ஆம்பியர் அனுப்பு என்று உத்தரவும் போடலாம். இந்தப் பேச்சு காதில் விழ, வழியில் ஒரு ரெசிஸ்டர் வேண்டும். இரண்டு கிளிப் வைத்துப் பற்றவைத்த அந்தப் பொடிச் சாமானைப் பழைய கண்ணாடிக்கூட்டில் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். சட்டையைத் துவைக்கப் போடும்போது மனைவி முதலில் தடவிப் பார்ப்பது அதைத்தான்.

“நடுவுல கொஞ்சம் தடை இருந்தாத்தான் பேச்சு கேக்கும்” என்று ஒரு நாள் வீட்டில் விளக்கினார். “அதுக்குத்தான் நீங்க பேச ஆரம்பிச்சதும் நான் கதவைச் சாத்துறேன்” என்றார் அந்த அம்மா.

ஆலையில் அவருக்குப் பெயர் ‘எம்பக்கம்’. எது நின்றாலும் எலெக்ட்ரீஷியன் தன் பக்கம் சரி என்பார், கன்ட்ரோல் ரூம் தன் பக்கம் சரி என்னும். இவரும் போய்ப் பார்த்துவிட்டு “எம்பக்கம் சரி” என்பார். வித்தியாசம் என்னவென்றால், பத்தொன்பது வருஷமாக இவர் சொன்னது நிஜமாகவே சரியாக இருந்து தொலைத்தது. அதனால் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. குக்கர் விசில் அடிக்காவிட்டால் கேஸ்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு எம்பக்கம் சரி என்பார். மகள் கணக்கில் மார்க் குறைந்து வந்தால், தன் பக்கத்து ஆட்கள் எல்லாரும் கணக்கில் புலி என்பார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தேய்க்கும் கூடத்துக் குழாயில் புது டிரான்ஸ்மிட்டர் மாட்டினார். முகப்பில் எண் காட்டாத மலிவு வகை. பூஜ்ஜியத்திலிருந்து பதினாறு ‘பார்’ அழுத்தம் வரை என்று அளவு வைத்தார். நாலுக்கும் இருபதுக்கும் நடுவான பன்னிரண்டு மில்லி ஆம்பியரை அனுப்பச் செய்து, வாக்கி டாக்கியில் கன்ட்ரோல் ரூமைக் கேட்டார். அங்கே உட்காரும் பெண் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான். இன்னும் நிரந்தரமாகவில்லை.

“எட்டு காட்டுதுண்ணே.”

“எம்பக்கம் சரிம்மா” என்று கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு சாப்பிடப் போனார்.

மறுநாள் முழுக்க விரிப்புகள் ஈரமாகவே வெளியே வந்தன. நீராவி பத்தவில்லை என்று தேய்ப்பவர்கள் மூன்று தடவை போன் செய்தார்கள். அந்தப் பெண் மூன்று தடவையும் திரையைப் பார்த்தாள். எப்போதும் இருக்கவேண்டிய அதே எட்டு. உங்கள் மெஷினைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி மொத்த லாரியையும் திருப்பி அனுப்பிய பிறகுதான், மேலே ஒரு வால்வு பாதி மூடிக் கிடந்ததைக் கண்டுபிடித்துத் திறந்தார்கள். அழுத்தம் இறங்கியதை அவள் கவனிக்கவே இல்லை என்றார் சூப்பர்வைசர். வேலையை விட்டு அனுப்பும் கடிதமும் தயாரானது. டிரான்ஸ்மிட்டர் சரியாக இருக்கிறது என்று இவர் எழுதிக் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் பாக்கி.

அன்று சாயங்காலமே மூடியைக் கழற்றினார். ஊதினார். ஒயர்களை இழுத்துப் பார்த்தார். வோல்ட் சரி. கண்ணாடிக்கூட்டிலிருந்து ரெசிஸ்டரை எடுத்து மாட்டிக் கருவியைப் போட்டார்.

குழாயில் இருந்தது ஏழரை பார். அனுப்பிக்கொண்டிருந்தது பன்னிரண்டு மில்லி ஆம்பியர், அதாவது எட்டு பார். பக்கத்திலேயே எச்சரிக்கை: அவுட்புட் பன்னிரண்டில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. நேற்றுச் சோதனைக்கு நிறுத்தியவர் விடுவிக்க மறந்துவிட்டார். குழாய்க்குள் என்ன நடந்தாலும் அது நாள் பூராவும் எட்டு எட்டு என்றே சொல்லியிருக்கிறது.

ஒரு பட்டனை அமுக்கினால் போதும், டிரான்ஸ்மிட்டர் பழையபடி நிஜத்தைச் சொல்லும், நேற்றைய தடயம் ஒன்றும் இருக்காது. அமுக்காவிட்டால் பத்தொன்பது வருஷப் பெயர் நாளைக் காலை டீ வேளைக்குள் காற்றில் பறக்கும். எலெக்ட்ரீஷியன் ஒருத்தர் போதும், ஆயுசுக்கும் சொல்லிக் காட்ட.

பத்தடி தள்ளி சூப்பர்வைசர் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் அந்தப் பெண், சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகத் தயாராகிவிட்டவளாக.

“என்ன, உங்க பக்கம் சரிதானே? கையெழுத்தைப் போடுங்க, இவங்களை அனுப்பிடலாம்.”

கட்டைவிரல் பட்டன் மேல்தான் இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். விரலை எடுத்தார். கிளிப்பைக் கழற்றாமலே கருவியைத் திருப்பி, அந்தப் பெண் வந்து படிக்கிற உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.