எல்லாத் துண்டிலும் ஒரே சீட்டு

என் தங்கை ஜெயித்தவை: மூன்று பேருக்கு ஒரே மேசை இருந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழக முதலிடம், கணினி இல்லாமல், காகிதத்தில் எழுதிப் பார்த்தே கற்ற நிரல், எண்பத்தாறு பேர் மோதிய ஆய்வக வேலை, எதிர்வீட்டு நாய். கடைசியைப் பற்றி அவளிடம் கேட்காதீர்கள், ஒரு மணி நேரம் போய்விடும்.

வீட்டில் அவள் பெயர் வாலு. நான் எட்டாவதோடு நின்றவன், சலவைக்கடை வைத்திருக்கிறேன். அவள் வேலையை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டுதான் சொல்கிறேன். டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் மிக நீண்ட வரிசை. சில புரதங்கள் அதில் குறிப்பிட்ட இடத்தில் போய் உட்கார்ந்து, பக்கத்து மரபணுவை முடுக்கிவிடும். அப்படி உட்கார்ந்த துண்டுகளை ஆய்வகம் பிரித்துப் படித்துக் கொடுக்கும். அவற்றில் பொதுவாக வரும் குட்டி எழுத்துக் கோவையைக் கணினி வைத்துத் தேடிப் பிடிப்பது வாலுவின் வேலை.

அங்கே ஒரு வழக்கம். "இந்தப் பத்து இடங்களில் உட்காரும்" என்று சொல்பவர், பட்டியலை உறையிலிட்டு ஒட்டி, மேலே கையெழுத்திட்ட பிறகே சோதனை தொடங்கும். அதுவரை வாலு செய்ததெல்லாம் மற்றவர்கள் கையெழுத்தில் போனது. இந்த முறை அவள் முறை. பத்தில் ஏழு பலித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஆறாவது மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டும்.

ஐந்தாவது மாதம் கோவை சிக்கியது. பன்னிரண்டு எழுத்து, துண்டுக்குத் துண்டு, ஓர் எழுத்தும் பிசகவில்லை. ஆய்வகத் தலைவி துள்ளினார். கேக் வந்தது, பேனாவும் வந்தது. வாலு நாளைக்குப் போடுகிறேன் என்று பேனாவை மூடிவிட்டு நேராக என் கடைக்கு வந்தாள்.

"இவ்வளவு அச்சா இருக்கக் கூடாதே அண்ணே. எங்கயோ இடிக்குது."

நான் சட்டைகளுக்குக் கடைச்சீட்டு குத்திக்கொண்டிருந்தேன். அதையே பார்த்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். படிக்கும் முன் ஒவ்வொரு துண்டின் நுனியிலும் ஆய்வகமே ஓர் ஒட்டுத்துண்டைச் சேர்க்குமாம். அதை நீக்காமலே தேடியிருக்கிறாள்.

"உன் கடைச்சீட்ட எல்லாச் சட்டையிலயும் பாத்துட்டு, ஊரே ஒரே டிசைன் போடுதுன்னு கேக் வெட்டியிருக்கோம்!"

"கேக் மிச்சமிருக்கா?"

"நல்லா வருது வாயில!"

மறுநாள் தலைவியிடம் சொல்லிவிட்டு, ஒட்டுத்துண்டை நீக்கி மறுபடி தேடினாள். இம்முறை எட்டெழுத்து. மூன்றாவது எழுத்து ஒரு துண்டில் ஒன்று, இன்னொன்றில் வேறு.

"கொஞ்சம் கோணல்மாணலா இருக்குண்ணே. அதான் நெசம்!" என்று குதித்தாள். கையெழுத்தும் போட்டாள்.

சோதனை முடிந்த அன்று போனில் ஒரே கத்தல்: "ஒம்பது அண்ணே, ஒம்பது!"

"கேக்?"

"உனக்கு முழுசு!"

ஒரே காலரை மூன்று முறை தேய்த்திருக்கிறேன். உறையின் படத்தை அவள் அனுப்பினாள். கடைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒட்டுவாயின் மேல் அவள் பெயர், கீழே அவள் கையாலேயே தேதி: மார்ச் 16, 2023, வியாழன்.