ரிஸ்னாவின் ஜின்னை நான் விரட்டிய கதை

போன மாதம் எங்கள் ஊர் எத்தாளையில் ஒரு ஜின்னை விரட்டினேன். ஓதாமல், ஊதாமல்... வெறும் படிப்பறிவால்.

பக்கத்து வீட்டுச் சாச்சியின் மருமகள் ரிஸ்னா, உம்மா இல்லாத பிள்ளை. அதனால் பேறு பார்த்ததும் மாமி வீட்டில்தான். நாற்பது நாள்கூட ஆகவில்லை. தூங்குவதில்லை, காரணமில்லாமல் அழுகிறாள், பிள்ளையைத் தூக்க மறுக்கிறாள். பள்ளிவாசல் லெப்பை வந்து, ஜின் தீண்டியிருக்கலாம் என்று தண்ணீர் ஓதிக் கொடுத்தார்.

பத்திரிகைக்குப் பத்தி எழுதுகிறவள் சும்மா இருப்பேனா? இது ஜின் வேலையில்லை, பிள்ளை பெற்றவர்களுக்கு வருகிற மனநோய் என்று சாச்சியைப் பிடித்துக்கொண்டேன். கூடவே பேய்களின் சரித்திரம் வேறு. ஒரு சனம் கும்பிட்ட தெய்வம் அடுத்த சனத்துக்குப் பேயானது, பெயர் தெரியாத நோவையெல்லாம் எல்லா மதத்தாரும் அதன் தலையில் கட்டியது... நம் கரையிலேயே பாருங்கள் — நமக்கு ஜின், கத்தோலிக்கருக்குப் பிசாசு, சிலாபம் பக்கத்துச் சிங்களவருக்கு யக்கா. நோய் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றேன்.

சாச்சி பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப ஜின் இல்ல. இது இவட குணம்தான்."

அன்றோடு வீட்டின் முகம் மாறியது. பெற்ற பிள்ளையைத் தூக்காதவளை வாப்பா வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்ற கதையும் தொடங்கியது. பார்க்கப் போன என்னிடம் ரிஸ்னா மெதுவாகச் சொன்னாள்:

"ராத்தா, ஜின் இருந்த நேரம் மாமி எனக்குச் சோறு ஊட்டினாங்க."

வெட்கமாகப் போய்விட்டது. பேய் நம்பிக்கை எத்தனையோ பேரை அடித்தும் சூடு வைத்தும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இத்தனை காலமாக அது ஏன் சாகவில்லை? பழி சுமக்க வீட்டுக்கு வெளியே ஒருவர் வேண்டும். அவரைத் துரத்திவிட்டு, பழியை இந்தப் பிள்ளையின் மடியில் போட்டிருக்கிறேன்.

நேரே லெப்பையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து என்னோடு வந்து சாச்சியிடம் பேசினார்.

"நோயும் அல்லாஹ் தந்ததுதான். இவட குத்தம் ஒண்டுமில்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. குளிசையக் கொண்டு வாங்க, நான் ஓதித் தாரன்."

இப்போது டொக்டர் எழுதிக் கொடுத்த குளிசையை லெப்பை ஓதி ஊதித் தருகிறார். சாச்சி வேளை தவறாமல் கொடுக்கிறார். அனுப்பும் கதை நின்றுவிட்டது. ரிஸ்னா தூங்குகிறாள்.

குணமாக்குவது குளிசையா, ஊதலா? சாச்சி ஒருநாள் என்னிடமே கேட்டார். இரண்டும்தான் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியைக் குடித்தேன்.